ஊக்கக் குறைவு என்னும் பொய்வழக்கு

ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் பாலாற்றை ஒட்டி அமைந்திருக்கும் கல்லூரிகளில், பருவத்தின் முதல் உள்தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் துறைத்தலைவர்களின் மேசைக்கு வந்து சேர்ந்த சில நாட்களுக்குள், பெரும்பாலும் ஓர் ஊக்கவுரைக்கு ஏற்பாடு நடந்துவிடுகிறது. கலையரங்கத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போடப்படுகின்றன. வெளியூரிலிருந்து பேச்சாளர் வரவழைக்கப்படுகிறார். அவர் இரண்டு மணி நேரம் பேசி முடிக்கையில் மாணவர்கள் எழுந்து நின்று ‘என்னால் முடியும்’ என்று மும்முறை உரக்கச் சொல்கிறார்கள். மறுநாள் முதல் மணி வகுப்பில், நேற்று முன்தினம் கவிழ்ந்திருந்த அதே தலைகள் அதே கடைசி வரிசை மேசைகளின்மேல் கவிழ்ந்து கிடப்பதைக் காணும் ஆசிரியர், மருந்து தவறோ என்று ஐயுறாமல், நோயாளியே திருந்தாதவன் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்.

மாணவன் பின்தங்குவதற்கு மூலகாரணம் அவன் உள்ளத்தில் ஊக்கம் வற்றிப்போயிருப்பதே என்பதும், அதைப் பிறர் தம் சொல்லாலோ அவன் தன் சங்கற்பத்தாலோ நிரப்பிவிட்டால் படிப்பு தானே நடக்கும் என்பதும் இன்று ஏறக்குறைய எல்லாரும் ஒப்புக்கொண்ட அபிப்பிராயம். பெற்றோர் இதையே சொல்கிறார்கள். ஆசிரியர்கள் இதையே சொல்கிறார்கள். மிகுந்த வேதனைக்குரிய விஷயம் யாதெனில், மாணவர்களும் தங்களைப் பற்றி இதையே நம்புகிறார்கள். இந்த அபிப்பிராயம் தவறானது, தவறானதாக இருப்பதோடு நில்லாமல் தீங்கும் செய்கிறது என்பதை, இந்த வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் முப்பத்தோர் ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், என்னால் இயன்ற அளவு எடுத்துக்காட்ட விரும்புகிறேன். இக்கருத்தை உடையவர்கள் கெட்டவர்கள் அல்லர். பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்ற நல்லெண்ணத்தால்தான் அவர்கள் இதைப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள். நானும் நெடுங்காலம் பற்றிக்கொண்டிருந்தேன். ஆகையால், என்னை விடுவித்த நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் நாள்தோறும் முதல் மணியில் உறங்கிக்கொண்டிருந்தான். நான்கைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வகுப்பார் அனைவர் முன்னிலையிலும் அவனை எழுப்பி நிறுத்தி, ‘உனக்குப் படிப்பில் நாட்டமே இல்லை; ஏதாவது வேலைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்’ என்று சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஒப்படைவுத் தாளைக் கொடுக்க மேசையருகே வந்தபோதுதான் அவன் கைகளைப் பார்த்தேன். விரல் நுனிகளில் தோல் வெடித்து உரிந்திருந்தது. நகக்கண்களைச் சுற்றி ஒரு வெளிறிய நீலம் ஏறியிருந்தது. அது குரோமியத்தில் பதனிட்ட ஈரத்தோலின் நீலம் என்று, தோல் தொழிற்சாலைகளின் நடுவே வாழ்கிறவனுக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை.

‘என்னப்பா, எங்கே வேலை?’ என்றேன்.

‘டேனரியில நைட் ஷிப்ட்டுங்க ஐயா. காலையில டிரம்முல இருந்து வெட் ப்ளூ இறக்கிப் போட்டுட்டுத்தான் வரேன்.’

‘எத்தனை நாளாக?’

‘ஒன்றரை வருஷம் ஆச்சுங்க. அம்மா பேர்ல குழு லோன் இருக்குது. வாரா வாரம் கட்டணும்.’

வேலைக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்று நான் யாரிடம் சொன்னேனோ அவன், நான் சொல்வதற்குப் பதினெட்டு மாதங்களுக்கு முன்பே வேலைக்குப் போய், வேலையும் பார்த்து, அதற்குமேல் என் வகுப்புக்கும் வந்துகொண்டிருந்தவன் என்பதை அன்று அறிந்தபோது எனக்கு உண்டான வெட்கம் இன்றுவரை தீரவில்லை. அவனுடைய ஒரு நாளை இருவரும் உட்கார்ந்து தாளில் எழுதிப் பார்த்தோம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வேலை, அது 8 மணி நேரம். கல்லூரி ஐந்தரை மணி நேரம். வீட்டுக்கும் டேனரிக்கும் கல்லூரிக்குமாகப் பேருந்திலும் ரயிலிலும் நடையிலும் கழிவது 3 மணி நேரம். இருபத்து நான்கில் எஞ்சுவது ஏழரை. அதற்குள்தான் குளியலும் உணவும் உறக்கமும் கடைக்குப் போவதும் தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவதும். பாடம் படிப்பதற்கென்று அந்தத் தாளில் ஓர் இடமே இல்லை. இப்படிப்பட்டவன் ஒன்றரை ஆண்டு இடைநிற்காமல் வந்திருக்கிறான் என்றால், அந்தக் கலையரங்கத்தில் மேடைமீதும் கீழும் இருந்த எவரையும்விட ஊக்கம் நிறைந்தவன் அவனே என்பதில் என்ன சந்தேகம்? அவனிடம் இல்லாதது நேரம். அதைக் கொடுக்கும் பேச்சாளர் எவரும் பிறக்கவில்லை.

பெண்பிள்ளைகளின் நிலை கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதால் இன்னும் கடினமானது. ஆம்பூரைச் சுற்றியுள்ள தெருக்களில், ஷூ கம்பெனிகளுக்கான மேற்பாகங்களைக் கையால் தைக்கும் வேலை வீடுகளுக்கு வருகிறது. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு அவள் தொடர்ந்து வராத காரணத்தை விசாரிக்கச் சென்றிருந்தேன். ஒரே அறை. கதவோரம் வெளிச்சம் விழும் இடத்தில் தாய் அமர்ந்து, தோலில் முன்னதாகவே போடப்பட்டிருந்த துளைகளில் மெழுகு பூசிய தடித்த நூலைக் கோத்து இழுத்து, ஒவ்வொரு தையலையும் விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். ஆட்காட்டி விரலின் மடிப்பில் நூல் அறுத்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. பக்கத்தில் மகள். அவள் மடியில் ஒரு மேற்பாகம். முழங்காலுக்கு அருகே திறந்தபடி பொருளாதார நோட்டு. மறுநாள் காலையில் சரக்கை எடுக்க ஆள் வந்துவிடுவார் என்பதால், அதற்குள் முடிக்க வேண்டிய ஜோடிகளில் பாதி அவள் பங்கு. தைத்துக்கொண்டே இரண்டு வரி படிப்பாள். படித்துக்கொண்டே தையலை எண்ணுவாள். ‘இவளுக்குப் படிப்புல ஆசை ரொம்ப சார், நான்தான் பாவம் இழுத்து உட்கார வெச்சிருக்கேன்’ என்று அந்தத் தாய் சொன்னபோது, கல்லூரிப் பதிவேட்டில் அம்மாணவியின் பெயருக்கு எதிரே ‘ஆர்வமின்மை’ என்று நாங்கள் எழுதி வைத்திருந்த சொல் என் நினைவுக்கு வந்தது.

இவை இரண்டும் என் கண்ணில் பட்டவை. தனி மனிதரின் அனுபவத்தைக் கொண்டு பொது விதி வகுக்கலாகாது என்று ஆட்சேபிப்பவர்களுக்காக, முறையான பரிசோதனைகள் இரண்டை எடுத்துக்காட்டுகிறேன். இரண்டும் நம் தமிழ்நாட்டிலேயே நடந்தவை. 2013ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வொன்றில், ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலிய ஆய்வாளர்கள், நமக்கு அண்டையிலுள்ள திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களைச் சேர்ந்த கரும்பு விவசாயிகள் 464 பேரை, அறுவடைப் பணம் கைக்கு வருவதற்கு முன் ஒருமுறையும் வந்த பின் ஒருமுறையும், அறிவுக் கூர்மையையும் கவனத்தையும் அளக்கும் சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். அதே மனிதர், அதே மூளை. ஆயினும் கையில் பணமில்லாத காலத்தில் குறைவாகவும் பணம் வந்த காலத்தில் கூடுதலாகவும் செய்தார். முடை தன்பால் கவனத்தை இழுத்துக்கொள்கிறது, எஞ்சிய கவனமே மற்ற காரியங்களுக்குக் கிடைக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. வாரத் தவணைக்கு ஆள் வரும் நாளில் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனின் சிந்தை எங்கே இருக்கும் என்பதை இதைக் கொண்டு ஊகிக்கலாம்.

மற்றொரு பரிசோதனை சென்னையில் உழைக்கும் ஏழை மக்கள் 452 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியானது. மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தபோது, அவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் உறங்கியது ஏறக்குறைய ஐந்தரை மணி நேரமே என்று தெரிந்தது. புழுக்கமும் கொசுவும் இரைச்சலும் நெருக்கடியும் நிறைந்த இடத்தில் உறக்கம் துண்டு துண்டாகவே வாய்க்கிறது. இன்னும் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பலவகை உதவிகளாலும் ஊக்கத்தொகையாலும் இரவு உறக்கத்தை அரைமணிக்குச் சற்றுக் குறைவாக நீட்டித்தும் அவர்களுடைய வேலைத் திறனில் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. பகலில், வேலை செய்யும் இடத்திலேயே, அமைதியான ஓரிடத்தில் அரைமணி நேரம் கண்ணயர விடப்பட்டவர்களுக்கோ கவனமும் வேலைத் திறனும் மனநிம்மதியும் உயர்ந்தன. ‘சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழு’ என்று பேச்சாளர்கள் சொல்லும் புத்திமதி, படுப்பதற்கு நல்ல இடமுள்ளவனுக்கே பயன்படும் என்பதை இது தெளிவாக்குகிறது. நம் கல்லூரிகளில் பிற்பகல் இடைவேளையில் மாணவன் தலைசாய்க்க ஒரு மூலை இருக்கிறதா? மேசைமேல் சாய்ந்தால் குற்றம் என்றல்லவா விதித்திருக்கிறோம்?

எதிர்க்கட்சியார் பெரும்பாலும் திருக்குறளைத் துணைக்கழைப்பார்கள். ஊக்கமுடைமை அதிகாரம் மேடைகளில் ஒலிப்பதுபோல் வேறோர் அதிகாரம் ஒலிப்பதில்லை. தமிழாசிரியன் என்ற முறையில் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டியவனாக இருக்கிறேன். ஊக்கமுடைமை 60ஆம் அதிகாரம். பரிமேலழகர் வகுப்பின்படி 39 முதல் 63 வரை உள்ள இருபத்தைந்து அதிகாரங்களும் அரசியல் என்னும் பகுதியைச் சேர்ந்தவை. அதாவது, படையும் குடியும் பொருளும் தன் கைவசம் உடைய அரசனை முன்னிறுத்திச் சொல்லப்பட்டவை. வேண்டிய சாதனங்களெல்லாம் இருந்தும் மனம் சோர்ந்து வாளாவிருப்பவனிடத்தில் ஊக்கத்தைப் பற்றிப் பேசுவது முற்றிலும் முறை. அரசனுக்கு உரைத்தது குடிமகனுக்கும் பொருந்தும் என்று ஒருவர் வாதித்தால் அதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்டு, ஊக்கத்தைப் பேசுவதற்குப் பன்னிரண்டு அதிகாரங்களுக்கு முன்பே, 48ஆம் அதிகாரத்தில் வலியறிதலையும் 49இல் காலமறிதலையும் 50இல் இடனறிதலையும் அந்நூல் வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டுகிறேன். தன் வலிமை எவ்வளவு, தனக்கு வாய்த்த காலம் எவ்வளவு, தான் நிற்கும் இடம் எத்தகையது என்ற மூன்றையும் ஆராய்ந்த பின்னரே வினையில் இறங்குவது பற்றிய பேச்சு. நம் மேடைகளில் அந்த மூன்றையும் தாண்டிக் குதித்து அறுபதாம் அதிகாரத்தில் போய் நிற்கிறார்கள். அந்த மாணவனோடு உட்கார்ந்து தாளில் மணிக்கணக்குப் பார்த்தேனே, அதுவே காலமறிதல். அந்த வேலையை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அடுத்தபடியாக அவர்கள் காட்டுவது தெருவிளக்கில் படித்துப் பெரியவர்களானவர்களின் வரலாறு. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சர் டி. முத்துசாமி ஐயரைப் பற்றி அந்தக் கதையைக் கேளாத தமிழ் மாணவன் இரான். கதை எதை மெய்ப்பிக்கிறது என்று நிதானமாக யோசிக்க வேண்டும். அச்சிறுவனுக்கு ஊக்கம் இருந்தது, ஐயமில்லை; வீட்டில் விளக்கு இல்லாதபோது தெருவில் ஒரு விளக்கு எரிந்துகொண்டும் இருந்தது. அதை யாரோ ஒருவர் பொதுச்செலவில் நட்டு, எண்ணெய் வார்த்து, மாலைதோறும் ஏற்றிவைத்தார். கிராமக் கணக்கரிடம் சொற்பக் கூலிக்கு உழைத்துக்கொண்டிருந்த அவருடைய திறமையைக் கண்ணுற்று, சென்னைக்குப் படிக்க அனுப்பி ஆதரித்தவர் முத்துசாமி நாயக்கர் என்னும் தாசில்தார். அந்தத் தாசில்தார் சிறுவனை அழைத்து, மனம் வைத்தால் எதையும் சாதிக்கலாம் என்று ஒரு மணி நேரம் உபதேசித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால், நீதிபதியின் வரலாறு என்னவாகியிருக்கும்?

நம் ஊருக்கு அருகிலேயே இன்னோர் உதாரணம் உண்டு. வேலூர் ஊரீசுக் கல்லூரியில் பயின்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், படிப்பின் பெரும்பகுதியை உதவித்தொகையைக் கொண்டு நடத்தியவர். தத்துவத்தை அவர் பாடமாக எடுத்ததற்கும், பட்டம் முடித்த உறவினர் ஒருவர் தாம் படித்த தத்துவப் பாடநூல்களைக் கொடுத்துதவியதே காரணம் என்று அவர் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. உலகம் போற்றிய தத்துவ ஞானியின் திசையையே சில பழைய புத்தகங்கள் தீர்மானித்திருக்கின்றன. மேதைகளின் வரலாற்றைப் புரட்டுந்தோறும் அவர்கள் மனவுறுதிக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு விளக்கோ, ஒரு தாசில்தாரோ, ஒரு கட்டுப் புத்தகமோ இருக்கக் காண்கிறோம். பேச்சாளர் மனவுறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்.

இனி, ஆசிரியர்களாகிய நம் பங்குக்கு வருகிறேன். ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 90 வேலை நாட்கள். அவற்றில் உள்தேர்வுகளும் ஒப்படைவுகளும் கருத்தரங்க உரையும் ஆய்வகப் பதிவேடும் வேலைவாய்ப்புத் திறனுக்கான கூடுதல் பயிற்சியும் அடங்க வேண்டும். இவற்றில் எதுவும் தேவையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து ஆசிரியர்களும் ஒருவரோடொருவர் கலந்து பேசாமல், ஒவ்வொருவரும் தம் பாடம் ஒன்றுதான் மாணவனுக்கு உண்டு என்ற எண்ணத்தில், ஐந்து ஒப்படைவுகளையும் ஒரே வாரத்துக்குள் கேட்கிறோம். முதல் நாற்பது நாள் ஒன்றுமே கேளாதிருந்துவிட்டுக் கடைசிப் பதினைந்து நாளில் எல்லாவற்றையும் கொட்டுகிறோம். அப்போது மாணவன் திணறினால் அவனுக்கு ஊக்கமில்லை என்கிறோம்.

பேரணாம்பட்டில் வயது முதிர்ந்த தோல் தொழிலாளி ஒருவர் பழைய பட்டைப் பதனிடும் முறையை எனக்கு விவரித்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. குரோமியம் வருவதற்கு முந்திய நாட்களில், ஆவாரம்பட்டை ஊறிய நீரைக் குழிகளில் நிரப்பித் தோலைப் பதப்படுத்துவார்கள். புதிதாகச் சுண்ணாம்பு கழுவி வந்த தோலை முதலில் காரம் தேய்ந்துபோன பழைய பட்டை நீரில்தான் போடுவார்கள். பிறகு சற்றுக் காரமான நீர். பிறகு அதனினும் காரமானது. இப்படிக் குழி குழியாக மாற்றி நாட்கணக்கில் ஊறவைத்தால்தான் பட்டைச் சத்து தோலின் நடுப்பகுதி வரை இறங்கும். அவசரப்பட்டு எடுத்த எடுப்பிலேயே காரமான புது நீரில் போட்டுவிட்டால், மேல்தோல் உடனே இறுகி மூடிக்கொள்ளும். பார்ப்பதற்குப் பதமானது போலவே இருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் பச்சைத் தோலாகவே இருக்கும். ‘அது தோலோட குத்தமில்ல சாமி, போட்டவன் குத்தம்’ என்றார் அவர். தேர்வுக்கு முந்திய பத்து நாளில் ஐந்து பாடங்களை விழுங்கி, தேர்வெழுதி முடித்த மறுவாரமே அனைத்தையும் மறந்துவிடும் பட்டதாரிகளை ஆண்டுதோறும் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும் நாம், அந்தக் கிழவரிடம் ஒரு வாரம் பாடம் கேட்க வேண்டும்.

இவ்வளவும் ஏழை மாணவர்களைப் பற்றிய வாதம். தனி அறையும் மோட்டார் சைக்கிளும் கேட்ட புத்தகமும் உடைய வீட்டுப் பிள்ளை படிக்காமல் கைப்பேசியோடு கிடக்கிறானே, அவனுக்கு என்ன சமாதானம் சொல்வீர் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, எதிர்த்தரப்பின் வாதங்களில் எனக்கு மிகுந்த சிரமம் கொடுத்ததும் இதுவே. அப்படிப்பட்ட மாணவனிடம் ஒரு பகுதிக் குற்றம் இருக்கத்தான் செய்கிறது. அதை மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவனுக்கும் பேச்சு மருந்தாகவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அவனை நான் பல ஆண்டுகள் உற்றுப் பார்த்திருக்கிறேன். அவன் எழுதிய விடைத்தாள் ஒரு மாதம் கழித்துத்தான் அவன் கைக்குத் திரும்புகிறது. அதில் ஓர் எண்ணைத் தவிர ஒரு சொல்லும் எழுதப்பட்டிருப்பதில்லை. அவன் வகுப்புக்கு வராவிட்டால் வருகைப் பதிவேடு கவனிக்கிறதே தவிர மனிதர் எவரும் கவனிப்பதில்லை. தான் செய்த வேலையை ஒருவர் எதிர்பார்த்திருக்கிறார், படிக்கிறார், அதில் இது சரி இது பிழை என்று சொல்கிறார் என்ற உணர்வு இல்லாத இடத்தில் எந்த வயதினருக்குமே வேலையில் பற்று உண்டாவதில்லை. கைப்பேசி அவனுக்கு அளிப்பது அதைத்தானே? அவன் எதைச் செய்தாலும் மறுநொடியே அது ஒரு பதில் சொல்கிறது. நாம் முப்பது நாள் எடுத்துக்கொள்கிறோம்.

பிந்திய ஆண்டுகளில் ஒரு சிறிய மாற்றம் செய்து பார்த்தேன். பருவத்துக்கொரு பெரிய ஒப்படைவை நிறுத்திவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரே ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னேன். வாங்கிய மூன்றாம் நாள், ஒவ்வொன்றிலும் இரண்டு வரியாவது என் கைப்பட எழுதித் திருப்பிக் கொடுத்தேன். எழுபது பக்கங்களை மூன்று நாளில் படிப்பது எளிதாக இருக்கவில்லை. முதல் தடவை பாதிப் பேர் கொண்டுவரவில்லை. மூன்றாம் தடவைக்குள் ஐந்தாறு பேர் தவிர எல்லோரும் கொண்டுவந்தார்கள். அவர்களில் சிலர் என் இரண்டு வரியோடு வாதாடவும் வந்தார்கள். இவர்களுக்கு நான் ஊக்கமூட்டும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஒரு பக்கம் எழுதி முடித்தவனுக்கு இரண்டாம் பக்கம் எழுதும் ஆசை தானே உண்டாகிறது. வேலை முந்தி, விருப்பம் பிந்தி. இந்தக் கிரமத்தைத் தலைகீழாக்கி, விருப்பத்தை முதலில் கொண்டுவா, பிறகு வேலையைத் தருகிறோம் என்று மாணவனிடம் கேட்பதுதான் நான் மறுக்கும் கொள்கையின் ஆதாரப் பிழை.

சூழ்நிலையே காரணம் என்று மாணவனிடம் சொல்லிவிட்டால் அவன் முயற்சியைக் கைவிட்டுவிட மாட்டானா என்பது இறுதி ஆட்சேபம். நான் கண்டது இதற்கு மாறானது. டேனரி மாணவனுக்கு அவனுடைய நாளைக் கணக்கெழுதிக் காட்டியபோது அவன் சொன்ன முதல் வார்த்தை, ‘நான் சோம்பேறின்னுல்ல நெனச்சிட்டிருந்தேன் ஐயா’ என்பது. ஒன்றரை ஆண்டுக் காலம் எட்டு மணி நேர இரவு வேலை செய்தவன் தன்னைச் சோம்பேறி என்று நம்பியிருக்கிறான். அப்படி நம்புமாறு நாம் செய்திருக்கிறோம். கணக்குத் தெளிந்தபின் அவன் செய்த காரியங்கள் சிறியவை. மேஸ்திரியிடம் பேசி, தேர்வுக்கு முந்திய ஆறு வாரங்களுக்கு வாரத்தில் மூன்று இரவு மட்டும் வருவதாக ஏற்பாடு செய்துகொண்டான். கூலி குறைந்ததை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமைப் பகலில் பிரியாணிக் கடையில் நின்றான். அதே ரயிலில் வரும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடைப்பட்ட பயணத்தில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்பது என்று வைத்துக்கொண்டான். எல்லாப் பாடத்தையும் தொட முயலாமல், மூன்றை முதலில் முடித்துவிட்டு மற்ற இரண்டுக்கு அப்புறம் போவது என்று தீர்மானித்தான். அந்தப் பருவத்தில் நான்கு தாளில் தேறினான், ஒன்று நின்றது, அதை அடுத்த பருவத்தில் எழுதி முடித்தான். தன் துன்பத்துக்குத் தன் குணம் காரணமில்லை என்று அறிந்தவன்தான் எதை மாற்றலாம் என்று தேடத் தொடங்குகிறான். குணமே கெட்டது என்று நம்புகிறவனுக்குத் தேட என்ன இருக்கிறது?

நம் வட்டாரத்து முன்னோர் இந்த உண்மையை அறியாதவர்கள் அல்லர். வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது, மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இல். ஆம்பூரில் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969இல். தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்கென ஈந்த பெருமக்கள் வாழ்ந்த ஊர்கள் இவை. இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று அவர்கள் குறைபட்டுக்கொண்டிருக்கவில்லை, கட்டடம் எழுப்பினார்கள், விடுதி கட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வரவில்லை என்றபோது, 1956இல் காமராசர் ஆட்சி பள்ளிகளில் மதிய உணவு பரிமாறத் தொடங்கியது. பசித்த குழந்தைக்கு ஊக்கவுரை ஏற்பாடு செய்யவில்லை. இன்றும் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் அரசுப் பள்ளியில் படித்து வந்த கல்லூரி மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. நான் மேலே சொன்ன தையல் வீட்டுப் பெண், அந்தப் பணம் வரத் தொடங்கிய பிறகு இரவில் தைக்கும் ஜோடிகளில் தன் பங்கைக் குறைத்துக்கொண்டாள். பள்ளிப் பிள்ளைக்குச் சோறு வேண்டும் என்று ஒப்புக்கொண்ட நாடு, அதே பிள்ளை பதினெட்டு வயதாகிக் கல்லூரிக்குள் நுழைந்தவுடன் அவனுக்குச் சொல் போதும் என்று கருதுவது எந்த நியாயம்?

எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நூலகம் மாலை நான்கரைக்கு மூடப்படுகிறது. ஜோலார்பேட்டைப் பக்கம் போகும் பிள்ளைகளுக்கு ரயில் அதற்கு வெகு நேரம் கழித்துத்தான். இடைப்பட்ட பொழுதில் அவர்கள் ரயில் நிலையத்து நடைமேடையில், விளக்குக் கம்பத்துக்கு அடியிலுள்ள பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இரைச்சலுக்கு நடுவே நோட்டை விரித்து வைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு மாலையில் அங்கே பதினோரு பேரை எண்ணினேன். நூலகத்தை இரவு எட்டு மணி வரை திறந்துவைப்பதற்கு ஆகும் மின்கட்டணத்தையும், கூடுதலாக ஒரு காவலருக்கும் ஓர் உதவியாளருக்கும் கொடுக்க வேண்டிய சம்பளத்தையும் கணக்கிட்டு, பகலில் அரைமணி நேரம் தலைசாய்க்க இரண்டு பெரிய அறைகளை ஒழித்துத் தருமாறும், ஐந்து பாடத்தின் ஒப்படைவு நாட்களைத் துறைத்தலைவர்கள் கூடி ஒரே பட்டியலாக வகுக்குமாறும், இரவு வேலைக்குச் செல்லும் மாணவர்களைப் பெயர் பெயராகக் கேட்டறிந்து அவர்கள் வேலை செய்யும் கம்பெனிகளிடம் தேர்வுக்கால விடுப்புக்காக நிர்வாகமே பேசுமாறும் வேண்டி, அந்தக் கல்லூரியின் நிர்வாகக் குழுவுக்கு மனு ஒன்று கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய அடுத்த கூட்டம் இம்மாதக் கடைசியில். அதற்கு முந்திய வாரம் கலையரங்கத்தில் ஊக்கவுரை ஒன்று வைத்திருப்பதாகவும் அதற்கு நான் வர வேண்டும் என்றும் அழைத்திருக்கிறார்கள். போகப்போகிறேன், மனுவின் படிகளையும் எடுத்துக்கொண்டு.